கோட்டோர நாற்காலி

டிசம்பர் 5, வெள்ளி

பால் முக்கால் லிட்டர். முட்டை ஆறு. கேஸ் மாற்றிப் பதினெட்டாம் நாள்.

அவர் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செசிலி, நாளைக்கு நம்ம வீட்டுக்கு பிலிப்பைன்ஸ்லேருந்து ஒரு புள்ள வருது. ஒரு வாரம் தங்கும்" என்றார்.

இவர் கமிட்டியில் இருக்கும் டென்னிஸ் கிளப்பில் முதன்முதலாகப் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி வைக்கிறார்கள். ஓட்டலில் தங்க வசதியில்லாத பிள்ளைகளை மெம்பர்கள் வீட்டில் தங்க வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கமாம்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒத்துக்கக் கூடாதா?"

"கேட்டா வேண்டாம்பே."

"கேக்காட்டி?"

"என்ன சாப்பிடும்னு யோசிக்க ஆரம்பிச்சிருவே."

இந்த மனுஷரோடு முப்பத்தொரு வருஷம். மகன் ஜெரோம் அறையை ஒழித்தேன். அவன் மஸ்கட் போனதிலிருந்து அங்கே அரிசி மூட்டைதான் குடியிருந்தது. பிலிப்பைன்ஸில் என்ன சாப்பிடுவார்கள்?

டிசம்பர் 6, சனி

முட்டை பன்னிரண்டு. பால் ஒன்றேகால்.

பெயர் ஆல்தியா. வீட்டில் தேயா என்று கூப்பிடுவார்களாம். பதினெட்டு வயது. தோளில் அவளை விடப் பெரிய பை. உள்ளே வந்ததும் ஹாலில் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்தாள். பையை இறக்காமலே சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அரைப் பாரம் இறங்கிவிட்டது.

என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். தமிழ் ஜெபப் புத்தகத்தையும் ஆங்கில ஜெபப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே படித்துக்கொண்டது. அதனால் "பசிக்குதா?" என்று கேட்க நினைத்தால், "நீர் பசியாயிருக்கிறீரோ?" என்கிற தினுசில் வருகிறது. தேயா சிரிப்பை அடக்க முடியாமல் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். அவள் பேசியதை எல்லாம் இங்கே நம் பேச்சிலேயே எழுதிவைக்கிறேன்.

என்னைத் "தீத்தா" என்கிறாள். அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அவர்கள் ஊரில் அதுதானாம். இவர் தீத்தோ. காலையிலும் சோறுதான் வேண்டுமாம். நெத்திலிக் கருவாடு வறுத்த வாசனை வந்ததும் அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"தீத்தா, இது எங்க அம்மா கடை வாசனை!"

அவள் அம்மா அவர்கள் ஊர் செபுவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கதை இதுதான்: உலகத் தரவரிசைப் பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயர் ஏற, மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும். தேயா இரண்டில் எடுத்துவிட்டாள். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிப் போட்டி. இங்கே தகுதிச் சுற்று இரண்டு ஆட்டம், பிறகு முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டம், ஆக மூன்று ஜெயித்தால் புள்ளி. பட்டியலில் பெயர் வந்தால் அம்மா இன்னும் ஒரு வருஷம் ஆட விடுவார். வராவிட்டால் ஜனவரியில் நர்சிங் காலேஜ். ஃபாரம் நிரப்பித் தயாராக இருக்கிறதாம்.

"நர்சிங் நல்ல வேலைதானே?" என்றேன்.

"நல்ல வேலைதான் தீத்தா. ஆனா எனக்கு ரத்தம் பார்த்தா மயக்கம் வரும்."

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் பூசைக்கு அவளும் வந்தாள். பிறகு ஆட்டம். சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டு உடனே திரும்புவதாகத்தான் போனேன். பத்தரைக்குப் போய் இரண்டு மணிக்கு வந்தேன்.

பையில் வீட்டுக் கணக்கு நோட்டு இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று குறிக்க ஆரம்பித்தேன். முதல் புள்ளி பதினைந்து, அடுத்தது முப்பது. அதற்கு அடுத்தது நாற்பத்தைந்துதானே? நாற்பது என்கிறார்கள்.

"அஞ்சு எங்கங்க போச்சு?"

"அது அப்படித்தான் செசிலி."

"யாருமே கேக்கலையா?"

"ஆட்டத்தைப் பாரேன்."

கிளப் போர்டில் ஒட்டியிருந்த விதிகளை முழுக்க எழுதி எடுத்துக்கொண்டேன். தகுதிச் சுற்றில் கோடு பார்க்க ஆள் கிடையாது. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிற பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஒரு நடுவர் நாலு மைதானத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே என்றே கொள்ள வேண்டும். ஞானோபதேசப் புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி.

தேயா 6-2, 6-4. எதிராளியின் இடப்பக்கம் அடித்தது 14, ஜெயம் 11. வலப்பக்கம் 20, ஜெயம் 6. இதைக் காட்டியதும் தேயா போனில் படம் பிடித்து செபுவில் இருக்கும் கோச்சுக்கு அனுப்பினாள். "இந்தக் கணக்கெடுக்கும் ஆளை எங்கே பிடித்தாய்?" என்று கோச் கேட்டாராம். கருவாடு வறுத்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் போட்டாளாம்.

டிசம்பர் 8, திங்கள். அமலோற்பவ மாதா திருநாள்

அவர்கள் நாட்டில் இன்று விடுமுறையாம். மாதா நாளில் தோற்க மாட்டேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாள்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிராளி நாக்பூர்ப் பிள்ளை சாயலி. நெட்டையான உருவம், இரட்டைப் பின்னல். என் நாற்காலியை வேலியோரம் பக்கக் கோட்டுக்கு நேராகப் போட்டுக்கொண்டேன்.

முதல் செட் 5-7. 4-4 இல் ஜெரோம் திருநாள் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தான். எடுக்கவில்லை. என் பிள்ளையின் போனை எடுக்காதது இதுதான் முதல் தடவை. இரண்டாவது 6-3. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி ஆட்டம். யார் முதலில் பத்து எடுக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம், ஆனால் இரண்டு வித்தியாசம் வேண்டும்.

சாயலி 9, தேயா 8. சாயலி ஓங்கி ஒன்று அடித்தாள். பந்து நான் இருந்த பக்கம் கோட்டோரமாக விழுந்து போயிற்று. தேயா கையைத் தூக்கி "அவுட்" என்றாள். 9-9. பிறகு தேயா இரண்டு எடுத்து 11-9.

அந்த 9-9 இல் கொஞ்சம் பேச்சு நடந்தது. நடுவர் பக்கத்து மைதானத்தில் இருந்தாராம், பார்க்கவில்லையாம். சாயலி வேலிப் பக்கம் திரும்பி என்னிடம், "ஆன்ட்டி, நீங்க பார்த்தீங்கல்ல?" என்று கேட்டாள். வெளியிலிருந்து யார் சொன்னாலும் செல்லாது என்று நடுவர் சொல்லிவிட்டார். நான் அப்போது கேரியர் மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூடி எப்போதும் சட்டென்று மாட்டாது.

வீட்டுக்கு வந்து தேயாவும் கேட்டாள்.

"தீத்தா, அது வெளியதானே?"

"மூடியை மாட்டிக்கிட்டு இருந்தேம்மா."

பாயசம் வைத்தேன். ஜவ்வரிசி கால் கிலோ.

டிசம்பர் 9, செவ்வாய்

நோட்டில் நேற்றைய கூட்டல் உதைக்கிறது. அந்த இடத்தில் முதலில் 10-8 என்று எழுதி, அடித்து, 9-9 என்று எழுதியிருக்கிறேன். கை ஏன் முந்தி எழுதியது?

காலையில் ரசத்தில் புளி விட மறந்தேன். தேயா இரண்டு டம்ளர் குடித்து, இதுதான் சரியான ருசி என்றாள்.

சாயங்காலம் என் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எப்படியும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போக வேண்டியதுதான். சிங்கராயர் சாமியார் கேட்டுக்கொண்டே வந்தார். பந்து விஷயத்துக்கு வந்ததும், "அப்ப ஸ்கோர் என்ன?" என்றார்.

"ஒம்போது, எட்டு ஃபாதர்."

கூண்டுக்குள் அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

"அவுட்னு சொன்ன பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது ஃபாதர். அது வெளியன்னுதான் நெனச்சது."

"உங்களை ரெண்டு பிள்ளைங்க கேட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் பதில் பாக்கி இருக்கே அம்மா."

மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். பத்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நிற்கிறார். நாளைக்கு முதன்மைச் சுற்றில் தேயாவோடு ஆட வேண்டிய ஜப்பான் பிள்ளைக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். யாராவது விலகினால், தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுக் காத்திருக்க வேண்டும். லக்கி லூசர் என்று பெயர்.

"யாருக்குங்க கெடச்சுது?"

"அந்த ரெட்டைப் பின்னல் புள்ளைக்குத்தான்."

நான் சுரூபத்தைப் பார்த்தேன். மாதா வழக்கம்போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 10, புதன்

பெரிய நாள். வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரை. தேயா சோறும் முட்டையும் சாப்பிட உட்கார்ந்தாள். பூசையில் நன்மை வாங்கப் போகிறவர்கள் மனசைச் சுத்தம் செய்துகொண்டு போவதுபோல, ஆடப் போகிற பிள்ளையும் தெரிந்துகொண்டு போவதுதானே முறை என்று எனக்குப் பட்டது. சொல்லிவிட்டேன்.

"தேயா, அந்தப் பந்து கோட்டுல பட்டுச்சு. நான் பார்த்தேன்."

வாயில் வைத்ததை மென்று முடிக்கவே அவளுக்கு நேரமாயிற்று.

"நிச்சயமா தீத்தா?"

"பாதிப் பந்து கோட்டு மேல."

எழுந்துபோய்க் கை கழுவினாள். முட்டை இரண்டு மிச்சம். இவர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஏண்டி, ஆட்டம் முடிஞ்சு சொன்னா உன் மோட்சம் போயிருமா?"

"பொய்யோட போய் ஆடணுமா அவ?"

"பொய் சொன்னது நீ! அவ எங்க சொன்னா?"

அவர் என்னிடம் குரலை உயர்த்துவது அபூர்வம். அவர் கேட்டது சரிதான். என் பாரத்தை இறக்கி அவள் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அது ஏற்கெனவே பெரிய பை.

முதல் செட் 1-6. பார்க்கச் சகிக்கவில்லை. இந்தச் சுற்றில் உயரமான நாற்காலியில் நடுவர் இருக்கிறார், உள்ளே வெளியே எல்லாம் அவர் சொல்கிறார். இருந்தும் தேயா கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்த எல்லாப் பந்தையும் உள்ளே என்றே எடுத்து ஆடினாள். ஒரு அடி வெளியே போனதைக்கூட ஓடிப்போய் அடித்தாள். நர்சிங் காலேஜ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நோட்டை மூடிவிட்டேன்.

செட் முடிந்து இருவரும் உட்காரப் போனார்கள். தேயா தன் பெஞ்சுக்குப் போகாமல் சாயலி பக்கம் நடந்தாள். ஏதோ சொன்னாள். சாயலி தண்ணீர் பாட்டிலை இறக்கிவிட்டுப் பதிலுக்கு ஏதோ சொன்னாள். தேயா வாயைப் பிளந்தாள். பிறகு இரண்டும் சேர்ந்து சிரித்தன! நடுவர், "நேரமாச்சு" என்று குரல் கொடுக்கும்வரை சிரித்தன.

அதற்குப் பிறகு வேறு பிள்ளை. 6-4. மூன்றாவது செட் நீண்டுகொண்டே போயிற்று. 5-5 இல் நான் நோட்டைத் திறந்து ஜெபமாலையை அதற்குள் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமைக் கணக்குப்படி சாயலி வலைக்குப் பக்கத்தில் ஆறு முறை வந்து ஐந்து முறை இழந்திருந்தாள். அதைத் தேயா அன்றைக்கே படம் பிடித்து வைத்திருந்தாள். இப்போது பந்தை மெதுவாகக் குறுக்கே போட்டுப் போட்டு சாயலியை முன்னால் இழுத்தாள். என் கணக்கு வேலை செய்வதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, அந்த நெட்டைப் பிள்ளை மூச்சு வாங்குவதைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது. 7-5. தேயா மட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவர் யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்தார். யாரென்று அவருக்கும் தெரியாதாம்.

"அங்க போய் என்னடி சொன்னே?" என்று தேயாவிடம் கேட்டேன்.

"அந்தப் பந்து உள்ள, மன்னிச்சுக்கோன்னு சொன்னேன் தீத்தா. அவ, 'தெரியும்'னா. அப்புறம், 'திங்கட்கிழமை முதல் செட்ல நாலு-நாலுல உன் பந்தை நானும் அவுட்னு சொன்னேன், அது உள்ளதான் விழுந்துச்சு, நீ பார்க்கலையா?'ன்னு கேட்டா."

திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். 4-4: ஜெரோம் போன். எல்லாவற்றையும் குறித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள் அந்த ஒரு புள்ளியைப் பார்க்கவே இல்லை. தேயாவும் பார்க்கவில்லை. கோடு அவளுக்கு எட்டாத பக்கம்.

இது கேட்டு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அது அவர்கள் இருவருக்குள் தீர்ந்த விவகாரம். என்னுடையது அப்படியே இருந்தது.

சாயலி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி முடியவில்லை. அழுகிறாள் என்று கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. கேரியரோடு நின்றேன். ஜெபப் புத்தக ஆங்கிலம்தான் வந்தது. "நீ என்னைக் கேட்டாய். நான் கண்டேன். அது கோட்டின்மேல் விழுந்தது. நான் மௌனமாயிருந்தேன்."

என்னையே பார்த்தாள்.

"இன்னைக்கு வந்து சொல்றீங்களே ஆன்ட்டி, என்ன பிரயோஜனம்?"

கேரியரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவள் மூக்கைச் சிந்தினாள். தண்ணீரை மூடினாள். பிறகு கேரியரைப் பார்த்து, "அதுல என்ன?" என்றாள்.

"அடியில மீன். நடுவுல தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய்."

மீன் சாப்பிட மாட்டாளாம். நடுத்தட்டை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவளும் நாக்பூரிலிருந்து தனியாகத்தான் வந்திருக்கிறாள். நாலு நாளாக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் இருக்கிறாள். ஓட்டல் சாப்பாடு. தட்டை வழித்துத் துடைத்து முடித்த பிறகு, "ஊறுகாய் ரொம்பக் காரம்" என்றாள். மன்னித்தாளா என்று கேட்கவில்லை. கேட்கிற விஷயம் இல்லை அது.

தேயா மூன்றாவது புள்ளி எடுத்துவிட்டாள். செபுவில் அவள் அம்மா போனில் அழுதார். சந்தோஷத்திலா, நர்சிங் போனதாலா என்று தேயாவுக்கே தெரியவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

தேயா 6-3, 6-2. கேரியரைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பினேன், ஆட்டம் முடிந்ததும்.

டிசம்பர் 12, வெள்ளி

கால் இறுதி. தாய்லாந்துப் பிள்ளையிடம் 4-6, 4-6. அது வேறு தரத்து ஆட்டம், பந்து தெரியவே இல்லை. தேயாவுக்கு வருத்தம் ஒரு மணி நேரம். பிறகு கருவாடு.

டிசம்பர் 13, சனி

ஏர்போர்ட்டில் இவர் எனக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், மழையும் இல்லை தூசியும் இல்லை. தேயா என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களிடம் அவர்கள் ஆசீர்வாதம் வாங்குவது அப்படித்தானாம். நெத்திலி ஒரு கிலோ நாலு உறை போட்டுக் கட்டிக்கொடுத்தேன்.

அரிசி மூட்டையை மறுபடி அறையில் வைக்கலாமா என்று இவர் கேட்டார். அங்கே ஈரம் என்றேன்.

முட்டை ஆறு. பால் முக்கால்.

டிசம்பர் 15, திங்கள்

பட்டியல் வந்தது. தேயா பெயர் இல்லை. சின்னப் போட்டிகளின் புள்ளி ஒரு வாரம் தள்ளித்தான் ஏறுமாம். முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டாமா இந்த மனுஷர்?

டிசம்பர் 22, திங்கள்

வந்துவிட்டது. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. இவர் போனை நீட்டினார், நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆல்தியா என்று சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

"ஏங்க, இவளுக்கு மேல இன்னும் ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் பொம்பளப் புள்ளைங்களா?"

"ஆமா."

"இத்தனை பேருக்கும் யார் சோறு போடுறா?"

அவர் கிளப் செக்ரட்டரிக்குப் போன் செய்தார். அடுத்த வருஷப் போட்டிக்கு நம் வீட்டில் இரண்டு பேர் தங்கலாம் என்றார். இந்தத் தடவையும் என்னைக் கேட்கவில்லை. ஒருவர் மீன் சாப்பிடாதவராக இருந்தாலும் பரவாயில்லை என்று பக்கத்திலிருந்து நான்தான் சொன்னேன்.

சாயலி பெயரைத் தேடினேன். ஆயிரத்து இருநூற்றுப் பத்து. தேயாவுக்கு மேலேதான்! எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் இவ்வளவு பாவப்பட்டிருப்பேனா? பாவப்பட்டுத்தான் இருப்பேன்.

மத்தியானம் தேயா பேசினாள். அம்மா காலேஜ் ஃபாரத்தை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாராம். ஜனவரியில் மறுபடி இந்தியா வருகிறாள், பெங்களூருக்கு. அங்கே சாயலியும் பெயர் கொடுத்திருக்கிறாள். இரண்டும் ஒரே அறையில் தங்கப்போகின்றன. "இந்தத் தடவை யாராவது ஒருத்தி கோட்டைப் பத்திப் பேசினா, அவ தரையில படுக்கணும்னு பேசி வச்சிருக்கோம் தீத்தா."

சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஜனவரிப் பூசையில் வேண்டிக்கொள்ள ஒரு கருத்து எழுதக் கேட்டேன். சிங்கராயர் சாமியார் நோட்டைத் திறந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. அவரும் காட்டிக்கொள்ளவில்லை, முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

"யாருக்காகம்மா பூசை? பிலிப்பைன்ஸ் பிள்ளை ஜெயிக்கவா?"

"இல்ல ஃபாதர்."

"அப்ப நாக்பூர்ப் பிள்ளைக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல. கோடு பார்க்கிற நடுவருக்குக் கண்ணு நல்லாத் தெரியணும்னு எழுதுங்க."

சாமியார் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து, சொன்னபடியே எழுதினார்.